ஆறுமுகம் அண்ணனின் நடையும் விடுபட்ட ஒரு கட்டமும்

செய்தி எனக்கு ரயிலில் வந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா விடுப்பில் போயிருந்ததால், அவருக்குப் பதிலாக என்னைப் பத்து நாள் அங்கே அனுப்பியிருந்தார்கள். கடைசி நாள் காலை, கோலாலம்பூரிலிருந்து வந்த வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே கார்டு எட்டிப் பார்த்து, "தங்கவேலு, ஒங்க ஆறுமுகம் நேத்து சாயங்காலம் தவறிட்டாருப்பா" என்றார். எந்த ஆறுமுகம் என்று கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆறுமுகமா இருக்கிறார், ஆளைச் சரியாகச் சொல்லக் கூடாதா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஷெட் ஆறுமுகம். நிமோனியாவாம்" என்றார். எந்த ஆறுமுகம் என்பது எனக்கு முதலிலேயே தெரியும்.

இதை எழுத ஆரம்பித்து இன்று நான்காவது நாள். உட்கார்ந்து எழுதினேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போகிறேன். வாசலில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறேன். "எழுதணும்னா எழுதுங்க, இல்லாட்டி படுங்க. இப்படி வீட்டைச் சுத்திச் சுத்தி வராதீங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சங்கத்து மலரில் ஆறுமுகம் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான் என்பது அவர்கள் எண்ணம். நான் ஒப்புக்கொண்ட காரணம் வேறு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கப் போவதில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறுமுகம் அண்ணன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் எஞ்சின் ஷெட்டில் குமாஸ்தா. ஒல்லியான, நெடிய மனிதர். ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில் குடியிருந்தார். தினமும் விடியற்காலையில் பங்சார் ரப்பர் தோட்டத்து மேடு வரைக்கும் நடந்து போய்த் திரும்புவார். தான் மட்டும் போனால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு போவார். அதனால் குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு அவர் மேல் மரியாதை, மீதிப் பேருக்கு அவர் ஒரு கேலிப்பொருள். சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்ப்பவனைப் பார்த்திருக்கிறோம், தூக்கத்தைக் கெடுக்க ஆள் சேர்ப்பவனை இங்கேதான் பார்க்கிறோம் என்பார்கள்.

நடை அவருக்கு நோயிலிருந்து வந்தது. ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயத்தில் பரவிய விஷக்காய்ச்சலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார். அவருடைய கூடப்பிறந்த அண்ணன், அந்தத் தோட்டத்திலேயே பெரிய பலசாலி, இரண்டே நாளில் போய்விட்டார். இவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம், ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மறுநாள் இவருக்குக் காய்ச்சல். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்து, இன்று நம் ரயில்வே மருந்தகத்தில் இருக்கும் சாமுவேல்தான் அவரைத் தொழிலாளர் லயத்து வாசலில் நிறுத்தி, "இங்கேருந்து பத்து மரம் வரைக்கும் நட. நாளைக்கு இருபது. எண்ணிக்கிட்டே நட" என்று சொல்லி அனுப்பினாராம். ரப்பர் மரத்தை எண்ணி எண்ணி நடந்து, மூன்று மாதத்தில் தோட்டத்து எல்லை வரைக்கும் போய்விட்டார். அடுத்த வருஷம் காய்ச்சல் வரவில்லை என்று சொல்ல மாட்டார். "வந்துச்சு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருச்சு. முன்னாடி மாதிரி ரெண்டு மாசம் குடியிருக்கல" என்பார். எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.

வெள்ளை அணுக்களைப் பற்றி டிரசர் அவருக்குச் சொல்லியிருந்தார். அதை அவர் எங்களுக்குத் தம் பாஷையில் சொல்வார். "ஒடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்கப்பா. நாம நாள் பூரா ஒக்காந்திருந்தா அவங்களும் ஒக்காந்துக்குவாங்க. நாம நடந்தா அவங்களும் எழுந்திரிச்சு ஒரு சுத்து வருவாங்க. திருடன் மூலையில இருக்கும்போதே புடிச்சிருவாங்க." இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான்.

எனக்கு மார்புச் சளி என் அப்பா கொடுத்துவிட்டுப் போனது. வருஷக் கடைசியில் மழை பிடித்தால் எனக்கு இருமல் பிடிக்கும். மழை விட்டாலும் இருமல் விடாது. மருந்தகத்தில் விடுப்புச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் சுருண்டு கிடப்பேன். வேலை மந்தமாகி எல்லா இலாகாவிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த மழையிலயும் நீங்க சீட்டு நீட்டினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, தங்கவேலு. உடம்புக்கு முடியாதவங்க பேரத்தான் முதல்ல கேக்கறாங்க" என்றார். எனக்கு இரண்டு பெண்கள். ஊருக்குக் கப்பலேறினால் அங்கே எனக்கு என்ன இருக்கிறது? மீரான் பாயின் காப்பிக் கடையில் ஆறுமுகம் அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் விடிவதற்கு முன்னால் என் ஜன்னல் பலகையை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள்.

இந்த ஜன்னல் தட்டும் வழக்கத்தை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் கதை அதில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓட்டுபவர்களுக்கும் கரி போடுபவர்களுக்கும் வேலை நேரம் நாளுக்கொன்றாக இருக்கும். அதனால் ஷெட்டிலிருந்து ஓர் ஆள் அழைப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் எழுப்புவான். எழுந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் வந்தே ஆக வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பராமரிப்பதுதான் ஆறுமுகம் அண்ணனின் வேலை. அதே முறையை அவர் எங்கள் நடைக்கும் கொண்டுவந்தார். பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தம்மையும் கடைக்கார மீரான் பாயையும் சேர்த்து ஏழு பேர் பெயரையும் எழுதி, வாரம் ஒருவராக எழுப்புகிற பொறுப்பைக் கொடுத்தார். அரிக்கேன் விளக்கும் புத்தகமுமாக எழுப்பப் போகிறவன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவான். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்தவன் அன்று மாலை மீரான் பாய் கடையில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். மானம் போகும் என்று பயந்தே எழுந்துவிடுவோம்.

ஷெட்டுப் புத்தகத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. உடம்பு சரியில்லாதவர் கையெழுத்துப் போடாமல் அந்தக் கட்டத்தில் எழுதிவிடலாம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் புத்தகத்தில் அந்தக் கட்டத்தை அண்ணன் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அதப் போட்டா நீங்க எல்லாரும் அதுலயே குடியேறிடுவீங்களே! மொத ஆளா இவன் பாய விரிச்சிருவான்" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையும் அதுதான், நானும் சிரித்தேன்.

முதல் மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. ஆனால் சீட்டுக் கேட்கும் அளவுக்குப் போகவில்லை. அடுத்த மழையில் நாலு நாள் சளி, அவ்வளவுதான். பெரிய கிராணி பெயர்ப் பட்டியல் பேச்சை என்னிடம் பிறகு எடுக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி எந்த நோயும் என்னை அண்டாது என்று நினைத்துக்கொண்டு, தோட்டங்களுக்குப் போகும்போது மலேரியாவுக்காகப் போட்டுக்கொள்ளச் சொன்ன கொயினா மாத்திரையை நிறுத்திவிட்டேன். அண்ணனுக்கு அது தெரிந்ததும் நடுரோட்டில் நின்று என்னைத் திட்டியதை மீரான் பாய் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். "நீ நடக்கிறது கொசுவுக்குத் தெரியுமா? கொசு ஒன்ன நிறுத்தி விசாரிச்சுட்டாடா கடிக்குது? மாத்திரைய முழுங்கு, வலையப் போட்டுப் படு, அதுக்கப்புறம் நட!" நடை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. மற்றவர்கள் விஷயத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தைப்பூசத்துக்கு நாங்கள் பத்துமலைக்கு நடந்தே போனோம். மலையடியில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. அத்தனை படியையும் ஒரே மூச்சில் ஓடி ஏறினேன். ஏறிய கையோடு குளிர்ந்த தண்ணீரையும் குடித்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு வாரம் தொண்டை கட்டிப் படுத்தேன். பார்க்க வந்த அண்ணன் அனுதாபமே காட்டவில்லை. "பேசிக்கிட்டே நடக்க முடியுதா, அது போதும். பேச்சு நின்னுச்சுன்னா அளவு மீறிட்டேன்னு அர்த்தம். காவக்காரனயும் ஒரேயடியா ஓட விட்டா அவனும் படுத்துருவான் லா." இந்த வார்த்தையை நாங்கள் ஏழு பேரும் அடிக்கடி சொல்லிச் சிரிப்போம். நடக்கும்போது யாராவது கொஞ்ச நேரம் பேசாமல் வந்தால், "பேசுப்பா, உயிர் இருக்கா?" என்று கேட்பது எங்கள் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

அந்த வாரம் எழுப்புகிற முறை என்னுடையது. மழைக்காலம் தொடங்கித் தூறிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து வீடும் முடித்துக் கடைசியாக அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக நான் தட்டுவதற்குள் ஜன்னல் திறந்துவிடும். அன்று இரண்டு தடவை தட்டினேன், திறக்கவில்லை. எனக்குக் குஷியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் மாட்டியதே இல்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன். ஜன்னல் திறந்தது. போர்வை போர்த்தியபடி நின்றார். பென்சிலைக் கொடுத்தபோது அவர் விரல் என் கையில் பட்டது. சுட்டது. போர்வைச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேனா, அப்படி நினைக்க வேண்டும் என்று இருந்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் போட்ட கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிப் பக்கத்துப் பெயருக்கு மேல் போயிருந்தது. "என்னண்ணே, எழுத்து இப்படித் தள்ளாடுது? ஒங்களுக்கே தூக்கமா? சாயங்காலம் பாய் கடையில பேசிக்கலாமா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வரேன் போ" என்றார்.

வந்தார். மேடு வரைக்கும் நடந்தார். வழி முழுக்க நான்தான் பேசினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களில் ஒருவன்கூட "பேசுங்கண்ணே" என்று கேட்கவில்லை. அவரை அப்படிக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அன்று மதியம் நான் கிள்ளானுக்கு வண்டி ஏறிவிட்டேன். அவர் அன்றும் மறுநாளும் ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் விழுந்துவிட்டார்.

ஊர் திரும்பி, எல்லாம் முடிந்த மறுநாள் மருந்தகத்துக்குப் போனேன். சாமுவேல் டிரசர் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததாலேயே செத்தாரா என்று கேட்டேன். கேட்ட விதத்தில் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். "நடந்ததால யாரும் சாகல. இத்தன வருசம் அவர் ஆஸ்பத்திரி வாசல மிதிக்காம இருந்ததுக்குக் காரணமே நடைதான். காய்ச்சலோட நடந்தாரு பாருங்க, அது வேற. ஒடம்பு உள்ள சண்ட போட்டுக்கிட்டு இருக்கும்போது அதுக்கு வேற வேல குடுக்கக் கூடாது. படுக்கணும். அவ்ளோதான்." அன்று படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் துணியை மறுபடியும் கையில் எடுத்தார். "நிமோனியா பொல்லாதது. படுத்துக் கிடந்தவங்களயும் கொண்டு போயிருக்கு. பிழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். பிழைச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல மாட்டேன்." இதற்கு அவர் என்னை நாலு அடி அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் நடை நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை. விடியற்காலையில் விழிப்பு வந்து, கால் நமநமக்க, எழுந்திருக்கவும் மனமில்லாமல் படுத்தே கிடந்தேன். ஒரு நாள் மீரான் பாய் கடையில் ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "தினம் மேடு ஏறின மனுசன் போய்ச் சேந்தாச்சு. தினம் ஆறு ரொட்டி திங்கிற நான் ஜம்முனு இருக்கேன்" என்றார். நான் எழுந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பை உருண்டது மட்டும் தெரியும். மீரான் பாய் வந்து என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். "அந்தாளு மேல ஏன் பாயிறீங்க? ஒங்களுக்கு வேற ஏதோ இருக்கு. அதச் சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகும் வரைக்கும் காத்திருந்தேன். அஞ்சலை அண்ணி பின்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். ஜன்னலை இரண்டு கையாலும் தட்டியது, கை சுட்டது, கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அண்ணி அழவில்லை.

"நீங்க தட்டினது எனக்குத் தெரியும் தம்பி. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ராத்திரியே ஒடம்பு கொதிச்சுது. படுங்கன்னு சொன்னேன். கேட்டாரா? 'தட்டுறது தங்கவேலு. இன்னிக்கு நான் படுத்தா நாளைக்கு அவன் படுத்துக்குவான். மழை வேற ஆரம்பிச்சிருச்சு, அவனுக்கு நெஞ்சு கட்டிக்கிட்டா வேலை போயிரும், ரெண்டு பொட்டப்புள்ளய வச்சிருக்கான்'னு சொல்லிட்டு எழுந்திரிச்சுப் போனாரு."

பாத்திரங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அண்ணி, எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும். ஆனா நீங்க நடையை நிறுத்திட்டீங்கன்னு பாய் சொன்னாரு. அதக் கேட்டதும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. அதுக்காகவா அவரு அந்தக் காய்ச்சலோட எழுந்து போனாரு?" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் வீட்டில் அது இனிமேல் இருக்க வேண்டாமாம்.

மறுநாள் மாலை அதில் ஒரு புதிய பக்கம் திருப்பி, ஆறு பேர் பெயரை எழுதி, கடைசியில் அந்த விடுபட்ட கட்டத்தையும் கோடு போட்டேன். என் கோடு நேராக வரவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு, இனி உடம்பு சுடுகிறவன் இதில் எழுதிவிட்டுப் படுக்க வேண்டும், எழுப்பப் போகிறவன் முதலில் அவன் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் பென்சிலைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. சென்ற வாரம் மீரான் பாய் அந்தக் கட்டத்தில் முதல் ஆளாக எழுதினார். மூன்று நாள் படுத்துவிட்டு நான்காம் நாள் எங்களோடு வந்தார். அண்ணன் இருந்திருந்தால் பாயை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பார். ஓட்டிவிட்டு, தாமும் ஒரு நாள் அதில் எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அந்த மனிதர் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது, அண்ணிக்கு என் மேல் இருப்பதைப் போல.

அவரை அறிந்த நண்பர்களே, அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். புத்தகம் எங்கள் ஆறு பேருக்கும் பொது. அவர் சொன்னவை நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கென்று தனியாக அவர் விட்டுப்போனது இந்த மார்பு ஒன்றுதான். இந்த வருஷம் மழை எப்படிக் கொட்டியது என்று உங்களுக்கே தெரியும். ஓய்ந்தும் விட்டது. எனக்கு ஒரு தடவைகூட இருமல் வரவில்லை. இருமல் வரவில்லையே என்று தேம்பி அழுத ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.